உறங்குபவை, விழித்திருப்பவை: ஸ்காபரோவில் வெப்பமண்டலச் செடிகளின் ஒரு குளிர்காலம்

செப்டம்பர்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும் நாளில்தான் என் தோட்டத்தின் ஆண்டு பிறக்கிறது. தக்காளி அப்போதும் காய்த்துக்கொண்டிருக்கும். உறைபனி விழப் பல வாரங்கள் இருக்கும் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் அவசரப்படுவதில்லை. கறிவேப்பிலையும் செவ்வரத்தையும் (செம்பருத்தி) மல்லிகையும் அப்படிக் காத்திருக்காது. மண் குளிர்ந்தவுடனேயே அவற்றின் வேர்கள் நீரெடுப்பதைக் குறைத்துவிடும். இலை மஞ்சளாகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

இந்த ஆண்டு கையில் இருப்பவை: தொட்டியில் இரண்டு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, பெரிய தொட்டியில் ஒரு குட்டைக் கவண்டிஷ் வாழை, மல்லிகை, செவ்வரத்தை. நிலத்தில் கல்வாழை, சேம்பு, பின்வேலியோரம் முசா பஸ்ஜூ என்ற குளிர்தாங்கும் வாழை.

வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக வைத்துவிட்டால் செடி பிழைத்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கணக்கு வேறு. ஒவ்வொரு செடிக்கும் முன்கூட்டியே ஒரு முடிவெடுக்க வேண்டும்: இது உறங்கப் போகிறதா, விழித்திருக்கப் போகிறதா? உறங்குவதற்குக் குளிர்ச்சி, இருட்டு, வறட்சி மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். விழித்திருப்பதற்குச் சூடு, ஒளி, நீர் மூன்றும் வேண்டும். வரவேற்பறை மூலையில் சூடு இருக்கிறது, ஒளி இல்லை. அங்கே வைத்த செடி வளரவும் முடியாமல் ஓயவும் முடியாமல் தன் சேமிப்பைத் தின்று இளைக்கும். பனிக்காலத்தில் செத்துப்போகும் செடிகளில் பெரும்பாலானவை குளிரால் சாவதில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே பிரித்தேன். வாழை, முருங்கை, கல்வாழை, சேம்பு உறங்கும். மல்லிகை, செவ்வரத்தை விழித்திருக்கும். கறிவேப்பிலை இரண்டையும் இரண்டு வழியில் வைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்: ஒன்று மேல்மாடியில் தெற்கு ஜன்னலோரம், மற்றது நிலவறையில் விளக்கின் கீழ், 15 பாகை அளவில்.

உள்ளே எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முற்றத்தில் வைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி குழாயால் பீய்ச்சிக் கழுவினேன். பிறகு சவர்க்காரக் கரைசல். கறிவேப்பிலைத் தண்டில் ஒட்டியிருந்த செதில் பூச்சிகளைப் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். வெளியே பொறிவண்டும் மழையும் பார்த்துக்கொள்ளும் பூச்சிகளுக்கு வீட்டுக்குள் எதிரி நாம் மட்டும்தான். சலிப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தால் ஜனவரி முழுவதும் பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அக்டோபர்

முதல் உறைபனி விழுந்த காலையில் கல்வாழையும் சேம்பும் வெந்த கீரை போலக் கறுத்துச் சுருண்டு கிடந்தன. இதற்காகத்தான் காத்திருந்தேன். மேலே கருகினாலும் மண்ணுக்குள் கிழங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, சில நாட்கள் காயவிட்டு, சற்றே ஈரமான மரத்தூளில் புதைத்து கோல்ட் ரூமில் வைத்தேன்.

கோல்ட் ரூம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் பல வீடுகளில் முன்வாசல் திண்ணைக்குக் கீழே, நிலவறையோடு சேர்ந்தாற்போல், சூடாக்கப்படாத கொங்கிரீட் அறை ஒன்று இருக்கும். காய்கறி, ஊறுகாய் வைப்பதற்கென்று கட்டியது. நம்மவர்கள் வீடுகளில் பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் இருக்கும். கிழங்குகளை உறங்க வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எல்லா மூலையும் ஒன்றல்ல. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சிறிய வெப்பமானியை அங்கங்கே வைத்துப் பார்த்தேன். வெளிச்சுவரோரம் 3 பாகை வரை இறங்குகிறது. வீட்டோடு ஒட்டிய சுவரின் மேல்தட்டில் 8, 9 பாகை நிற்கிறது. கல்வாழையும் சேம்பும் அந்த மேல்தட்டுக்குப் போயின.

பின்வேலியில் நிற்கும் முசா பஸ்ஜூவின் கதை தனி. இதை ஜப்பானிய வாழை என்பார்கள், ஆனால் பூர்வீகம் தெற்குச் சீனா. காய் விதை நிறைந்தது, தின்ன முடியாது. இலைக்காக வளர்ப்பதுதான். மூடாக்கு தடித்து, கிழங்கு இருக்கும் மண் உறையாமல் இருந்தால் வெளியே -20 பாகை வந்தாலும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். தண்டை இடுப்பளவுக்கு வெட்டினேன். வாழையின் வளரும் நுனி அப்போது கிழங்கின் தலையில்தான் இருக்கிறது, ஆகவே மேலே வெட்டினாலும் அடுத்த இலை உள்ளிருந்து வரும். சுற்றிலும் கோழிக்கம்பி வலையால் கூண்டு கட்டி, இலைச்சருகால் நிரப்பினேன்.

சருகுக்குப் பஞ்சமே இல்லை. இலையுதிர் காலத்தில் தெருவெங்கும் சருகு நிரம்பிய பெரிய காகிதப் பைகள் குப்பை வண்டிக்காகக் காத்திருக்கும். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு அவர்கள் வீட்டுப் பைகளையும் எடுத்துவந்தேன். மேப்பிள் இலையைவிட ஓக் இலை நல்லது: மேப்பிள் இலை நனைந்ததும் அப்பளமாக ஒட்டிப்போகும், ஓக் விறைப்பாகவே இருந்து இடையில் காற்றைப் பிடித்துவைக்கும். அந்தக் காற்றுதான் போர்வை. மேலே தார்ப்பாய் போட்டேன். வாழையின் நீர் நிறைந்த தண்டை அழுக வைப்பது குளிரோடு சேர்ந்து இறங்கும் ஈரம்.

தொட்டியில் நிற்கும் குட்டைக் கவண்டிஷின் தண்டை வெட்டவில்லை. ஒரு கணக்கு இருக்கிறது. வாழை குலை தள்ளுமுன் ஏறத்தாழ 30, 40 இலைகள் விட்டாக வேண்டும். நல்ல வெயிலில் வாரத்துக்கு ஓர் இலை, சில வேளை பத்து நாளுக்கு ஒன்று. ரொறன்ரோவில் வாழை உண்மையாக வளரும் காலம் நான்கு மாதம்தான் என்பதால் ஒரு கோடைக்கு 12 முதல் 16 இலைகள். மூன்று கோடைகள் ஒரே தண்டில் தொடர்ந்து சேர்ந்தால்தான் குலையைப் பற்றிப் பேசவே முடியும். ஆகவே நுனியில் சுருண்ட குருத்தை மட்டும் விட்டு மற்ற இலைகளை நறுக்கி, தொட்டியோடு நிலவறையின் இருட்டு மூலைக்குத் தள்ளினேன். அங்கே 12, 13 பாகை. தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை.

முருங்கையை முழங்காலளவு வெட்டி அதே மூலையில் வைத்தேன். இலை எல்லாம் கொட்டிப்போன குச்சியைப் பார்த்த மாமி, "தம்பி, இதை எறிந்துவிடாதே. பட்டையைச் சுரண்டிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது" என்றார். பருத்தித்துறையில் முருங்கை வேலி பார்த்து வளர்ந்தவர். சுரண்டிப் பார்த்தேன், பச்சை இருந்தது.

டிசம்பர்

டிசம்பர் 21ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. அதைவிடப் பெரிய வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது: யாழ்ப்பாணத்து நண்பகல் சூரியன் அன்று தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகைக் கோண உயரத்தில் நிற்கும், இங்கே 23 பாகையைத் தாண்டாது. வெயில் தெற்கு ஜன்னல் வழியே சாய்ந்து அறையின் பின்சுவர் வரை வரும், பார்க்க அழகாக இருக்கும், செடிக்குப் போதாது. அதுவும் வெயில் அடிக்கும் நாட்களில்தான். இங்கே டிசம்பர் பெரும்பாலும் சாம்பல் நிறம்.

நிலவறையில் எல்இடி விளக்கு நாளுக்கு 13 மணி நேரம் எரிகிறது. மல்லிகை, செவ்வரத்தை, இரண்டாவது கறிவேப்பிலை மூன்றும் அதன் கீழ். கறிவேப்பிலை வந்ததும் பாதி இலையைக் கொட்டியது. பிறகு கொட்டுவதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கிறது. தொட்டியின் மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் அறைவெப்பத்தில் இருக்கும் தண்ணீர்.

மேல்மாடிக் கறிவேப்பிலை பசுமையாக இருந்தது, பிறகு திடீரென்று அதுவும் கொட்டத் தொடங்கியது. அறை 21 பாகை, வெயிலும் உண்டு, பின் ஏன்? தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஜன்னலடியில் தரை ஓடுகள் வெளிக்குளிரை அப்படியே வாங்கி வைத்திருந்தன. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, தோடை வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது: வேர்மண் 13 பாகைக்குக் கீழே இருந்தால் வேர் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும், ஆனால் வெயிலில் சூடான இலை நீரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கிடைக்காதபோது மரம் இலையை உதிர்த்துவிடும். தொட்டிக்குக் கீழே தடித்த ஸ்டைரோஃபோம் பலகையும் அதன்மேல் மரச்சட்டமும் வைத்தேன். உதிர்வு மெல்ல நின்றது. பல வீடுகளில் "தண்ணீர் போதவில்லை" என்று ஊற்றி ஊற்றி வேரை அழுகவைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஜனவரி

செஞ்சிலந்தி, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்பூச்சி. மேல்மாடிச் செடியில் மட்டும். வெளியே -15 பாகையில் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரப்பதம் பாலைவனம் அளவுக்கு இறங்கும். ஈரமானி 22 சதவீதம் காட்டுகிறது. செஞ்சிலந்திக்கு இதுதான் வசந்தம். வாரம் ஒரு முறை குளியலறைக்குத் தூக்கிச் சென்று ஷவரில் கழுவுகிறேன். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பது மனத் திருப்திக்கு நல்லது, ஈரமானி அசையவில்லை. செடியைச் சூடான காற்று வரும் தரைத்துளையிலிருந்து நகர்த்தியதுதான் பலன் தந்தது.

நிலவறையில் பூச்சி இல்லை. குளிர்ந்த இடத்தில் அவை மெதுவாகவே பெருகும்.

பிப்ரவரி

பனி குவிந்த ஒரு நாளில் நகருக்குள் அலன் கார்டன்ஸ் என்ற தாவரப் பூங்காவுக்குப் போனேன். 1902இல் எரிந்துபோன மண்டபத்துக்குப் பதிலாக 1910இல் எழுப்பிய பனை இல்லம் அங்கே இருக்கிறது, அதைச் சுற்றி மற்றக் கண்ணாடி இல்லங்கள். கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். நான் போனது வாழ்த்துப் பாட அல்ல, ஒளி எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க. கூரை முழுக்கக் கண்ணாடி, ஆகவே செடிகள் நேராக நிற்கின்றன. என் வீட்டுச் செடிகளோ ஜன்னலை நோக்கிச் சாய்கின்றன, அடிப்பகுதி இலைகளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வந்ததும் மேல்மாடிக் கறிவேப்பிலைக்கும் நேர் மேலே ஒரு விளக்குத் தொங்கவிட்டேன். சூட்டைவிட மேலிருந்து விழும் ஒளிதான் நம் வீடுகளில் அரிது.

மல்லிகையைக் கடுமையாகக் கத்தரித்தேன். பூ புதுத்தளிரில்தான் வரும்.

மார்ச், ஏப்ரல்

இரண்டு கறிவேப்பிலையையும் கத்தரித்து, பெரிய தொட்டிக்கு மாற்றி, மெல்லிய உரக்கரைசல் கொடுத்தேன். எது முந்தும் என்று பார்த்தேன். மேல்மாடிச் செடியில் முதல் தளிர் வந்தது, மெலிந்து நீண்டு. நிலவறைச் செடி தாமதித்தது. விளக்கைத் தாழ்த்தி அறையைச் சற்றுச் சூடாக்கியதும் ஒவ்வொரு கணுவிலும் கட்டையாக, அடர்த்தியாக வெடித்தது. இலை குறைவாக இருந்தும் சேமிப்பு அதிகம் வைத்திருந்தது போலும். பூமொட்டுகளைக் கிள்ளிவிடுகிறேன், எனக்கு வேண்டியது இலை.

முருங்கைக்குச்சியில் அசைவே இல்லை. சூடான இடத்துக்கு மாற்றி ஒரு முறை தண்ணீர் கொடுத்தேன். துணைக்கு என்று சில விதைகளையும் ஊன்றினேன். விதை முளைத்த பிறகுதான் குச்சியின் அடியில் மொக்கு கிளம்பியது. இங்கே காய் எதிர்பார்க்காமல் கீரைக்காக வளர்ப்பவருக்கு, மார்ச்சில் விதை போட்டாலே போதும், ஆகஸ்டில் கைநிறையக் கீரை பறிக்கலாம். பழைய வேரைக் காப்பது பிடிவாதக்காரர் வேலை. நான் பிடிவாதக்காரன்.

மே

விக்டோரியா தின நீண்ட வாரயிறுதி, அதாவது மே 25க்கு முந்தைய திங்களையொட்டிய நாட்கள், இங்கே தோட்டக்காரர்களின் நாட்காட்டியில் எல்லைக்கோடு. அதற்குப் பிறகு உறைபனி விழுவது அரிது. ஆனால் செடிகளை அன்று நேரடியாக வெயிலில் வைக்கக்கூடாது. வீட்டுக்குள் உருவான இலை மெல்லியது, புற ஊதாக் கதிரை அறியாதது. ஒரே பிற்பகலில் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். மேகம் மூடிய நாளாகப் பார்த்து வடக்குச் சுவர் நிழலில் தொடங்கி, பத்து நாளுக்குள் மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்த்தினேன். இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் திரும்பவும் கராஜுக்குள்.

கவண்டிஷின் குருத்து வெளிறிய மஞ்சளில் வந்தது, இரண்டாவது இலை பச்சை. தண்டு உறுதி. கோடை எண்ணிக்கை தொடர்கிறது.

ஜூன்

பஸ்ஜூ கூண்டைத் திறந்தேன். மேல் அரைவாசித் தண்டு கூழாகியிருந்தது. வெட்டிக்கொண்டே கீழிறங்கினேன். முழங்கால் உயரத்தில் வெள்ளையான, கெட்டியான சதை வந்தது. ஒரு வாரத்தில் நடுவிலிருந்து சுருட்டிய இலை எழுந்தது, பக்கத்தில் மூன்று கன்றுகள். ஒன்றை மாமிக்கு என்று குறித்துவைத்திருக்கிறேன்.

வரும் குளிர்காலத்தில் கறிவேப்பிலை இரண்டும் நிலவறைக்கே போகின்றன. மேல்மாடி ஜன்னலை மல்லிகைக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன், தரையிலிருந்து தூக்கி வைத்து, தலைக்கு மேல் விளக்கோடு. பஸ்ஜூ கூண்டை ஓரடி உயர்த்தி, முழுக்க ஓக் சருகு மட்டும். தெருமுனை வீட்டில் பெரிய ஓக் மரம் இருக்கிறது. அவர்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.