ட்ரைபாட் இல்லாமல் தேவாலயத்துக்குள்

பழைய தேவாலயங்கள் பலவற்றில் ட்ரைபாடுக்கும் ஃபிளாஷுக்கும் அனுமதி கிடையாது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பார்வையாளர்கள் படமே எடுக்கக் கூடாது. அதனால் வாசலில் இருக்கும் பலகையை முதலில் படியுங்கள்.

ஃபிளாஷ் இல்லாததில் நட்டம் ஒன்றுமில்லை. அதன் வெளிச்சம் முன்னால் இருக்கும் நாலு பெஞ்சோடு தீர்ந்துவிடும். வண்ணக் கண்ணாடிக்கோ வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டையும் தூசியும்தான் தெரியும்.

படுத்துவது ஜன்னல்தான். கேமராவில் வெளிச்சத்தைச் சுவருக்கு அளந்தால் கண்ணாடி வெளுத்துப்போகும், கண்ணாடிக்கு அளந்தால் சுவர் கரியாகும். பாரிஸின் சாந்த்-ஷபேல் தேவாலயம் மாதிரி சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால், கண்ணாடிக்கு அளந்துவிட்டு இருட்டை இருட்டாகவே விடலாம். மற்ற இடங்களில் 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நான்கு மடங்கு மாறும்படி) மூன்று படங்கள், ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக), தொடர் வேகத்தில் எடுத்துப் பிறகு இணைக்கலாம். தோளைத் தூணில் சாய்த்துக்கொள்ளுங்கள் (ஓவியம் தீட்டிய தூண் என்றால் தொடவே வேண்டாம்). 24 எம்எம் அகல லென்ஸ், கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால், மூன்றில் மிக மெதுவான படம் 1/15 நொடியைத் தாண்டாதபடி ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். 3200 போனாலும் பரவாயில்லை. நாய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) மென்பொருளில் குறைக்கலாம், கை ஆடியதை மீட்க முடியாது.

கண்ணாடியை மட்டும் நெருங்கி எடுக்க மேகமூட்டமான நாளே நல்லது. நேர் வெயிலில் ஒரு துண்டு எரியும், பக்கத்துத் துண்டு மங்கும். தரையில் விழும் வண்ணத் திட்டுகள் வேண்டுமென்றால்தான் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்குக் கோடுகள் விழும். இந்தியாவைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் மறையும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120.

கூரை வளைவுகளுக்குத் தரையே ட்ரைபாட். நடுப்பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது கேமராவை மல்லாக்கப் படுக்க வையுங்கள். லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 10 நொடி டைமர். ஷட்டர் சில நொடி திறந்திருந்தாலும் ஆடாது. டைமரைத் தட்டியதும் விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தலையும் படத்தில் விழும். திரை அடியில் போய்விடுவதால் நடு சரியாக அமையாது. இரண்டு மூன்று முறை நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஃபோனில் இந்தத் தொல்லை இல்லை: செல்ஃபி கேமராவை இயக்கி, திரை மேலே பார்க்க வைத்தால் போதும், தரம் சற்றுக் குறைந்தாலும்.