மார்கழியில் முகூர்த்தமில்லை

16 டிசம்பர் 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. இனி தை வரை எந்த மண்டபத்துப் படியும் ஏற வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் அப்பா விட்டுப்போன ஸ்டுடியோவுக்கு இந்த ஒரு மாதமும் பாஸ்போர்ட் போட்டோக்காரர்களைத் தவிர யாரும் வர மாட்டார்கள். மற்ற போட்டோகிராபர்கள் ஆல்பம் பாக்கியை முடிக்கிற மாதம் இது. நான் பறவை பார்க்கப் போவேன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

காலையில் பரணிலிருந்து, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற 70-300 லென்ஸை இறக்கினேன். பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், உள்கண்ணாடியில் பூஞ்சை. சிலந்தி இழை மாதிரி நாலைந்து, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதும், அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியதும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரைப் படுத்தியதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. ஈரம் வந்துவிட்டது. பையில் கிடந்த சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸ் ஆகி எத்தனை நாளோ, நான் திறந்தே பார்க்கவில்லை. கல்யாணக் கேமராவைப் பிள்ளை மாதிரித் துடைத்து வைத்தவன், இதை மறந்துவிட்டேன்.

சர்வீஸுக்கு விட்டால் மூன்று வாரம் என்கிறார்கள். மூன்று வாரம் என்றால் மார்கழி போச்சு. மாடியில் வெயிலில் வைத்தேன். வெயில் பட்டால் மேற்கொண்டு பரவாது என்பார்கள், பதிந்த தடம் மட்டும் போகாது. அப்புறம் எதிர்வீட்டு வேப்பமரத்தை வைத்துச் சோதித்தேன். வெயில் என் முதுகில் அடித்தால் இலை நரம்பு வரைக்கும் துல்லியம். வெயிலுக்கு எதிரே திரும்பினால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி. சரி, இந்த மார்கழி முழுக்கச் சூரியனுக்கு முதுகைக் காட்டியபடிதான் வேலை.

18 டிசம்பர், புதன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து அக்கா மகள் பாப்பா போன் செய்தாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள்.

"மாமா, இந்த வருஷம் என்ன எடுக்கப் போற? திரும்பவும் மீன்கொத்தியா?"

"மீன்கொத்திக்கு என்ன குறைச்சல்?"

"பாண்டிச்சேரி பேரை வச்சிக்கிட்டு ரெண்டு பறவை இருக்கு. உன்கிட்ட ரெண்டும் இல்ல."

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். சொன்னரா என்றொரு பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பறவைகளைப் பார்த்து எழுதிய பயண நூல் 1782-இல் வந்திருக்கிறது. கமேலின் என்ற ஜெர்மன்காரர் அதைப் படித்துவிட்டு 1789-இல் லத்தீனில் பெயர் வைத்தார். நம் கவுதாரிக்கும், காட்டுக்கீச்சான் என்ற இன்னொரு சின்னப் பறவைக்கும் பெயரின் பின்பாதி ஒன்றுதான்: பாண்டிசெரியானஸ். பாண்டிச்சேரியைச் சேர்ந்தது என்று அர்த்தம். ஒருவர் எழுதியதை வைத்து இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து பெயர் சூட்டியிருக்கிறார். பெயர் என்னவோ நிலைத்துவிட்டது.

கவுதாரியை நான் பார்க்காதவன் இல்லை. சின்ன வயதில் பண்ருட்டி சந்தையில் கூண்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குக் கறி. 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் அதைப் பிடிக்கக்கூடாது என்று இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

21 டிசம்பர், சனி

கேப்பர் மலை. செம்மண்ணும் முந்திரியும் முள்ளுமாகக் கிடக்கிற மேடு, மலை என்பது மரியாதைக்கு. ஆறு மணிக்கே போய்விட்டேன். பனி. ஆறரைக்கு முதல் குரல் கேட்டது. கவுதாரி கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மெதுவாக இரண்டு தரம் கொக்கரித்து, அப்புறம் ‘கதீத்தர் கதீத்தர்’ என்று ஏறிக்கொண்டே போகும். ஒன்று நிறுத்துகிற இடத்தில் வேறொன்று பிடித்துக்கொள்ளும். இடது பக்கம் கேட்டது. திரும்பினேன். வலது பக்கம் கேட்டது.

முந்திரிக் காவலுக்கு இருக்கிற பெரியவர் என்னை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தார்.

"இன்னா தம்பி, சர்வேயா?"

"இல்லீங்கய்யா. கவுதாரி போட்டோ எடுக்கலாம்னு."

"அது நிக்காதே. ஓடும். நீ ரொம்பக் கிட்டப் போனாத்தான் பறக்கும், பறந்தா நெஞ்சு அடைக்கிற மாதிரி சத்தம். சாயந்தரம் வா. இருட்டுறதுக்கு முன்னாடி முள்ளு மரத்துல ஏறி உக்காரும்."

சாயங்காலம் என்றால் மேற்கே வெயில், முள்மரங்களும் மேற்கே. லென்ஸில் பால். அவரிடம் பூஞ்சையை எப்படி விளக்குவது? சரிங்கய்யா என்றேன்.

திரும்பும்போது காலடியிலிருந்தே மூன்று எழும்பின. பெரியவர் சொன்ன அதே சத்தம். கேமராவை நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

22 டிசம்பர், ஞாயிறு

நேற்று எடுத்தவை 214. கவுதாரி இருப்பது ஒன்றில். அதிலும் பின்பக்கம்.

25 டிசம்பர், புதன்

அக்கா மகளோடு ஊசுட்டேரி. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு என்று கிடக்கிற ஏரி. இரண்டு அரசாங்கமும் சரணாலயம் என்று அறிவித்திருக்கின்றன, பறவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. மழைக்கு அப்புறம் தண்ணீர் தளும்புகிறது. தண்ணீர் இவ்வளவு இருந்தால் சேற்றில் கொத்தித் தின்கிற பறவைகளுக்கு நிற்க இடமில்லை. நாமக்கோழிக் கூட்டம் மட்டும் கறுப்புப் புள்ளிகளாக நடு ஏரியில்.

கரையோரம் ஒரு பெரிய வெண்கொக்கு. பாப்பா தன் கேமராவில் எடுத்துவிட்டு முகம் சுளித்தாள். கொக்கு இருக்கிறது, இறகு இல்லை. வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி.

"இது மாப்பிள்ளை வேட்டி கணக்கு" என்றேன். மண்டபத்தில் பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று தானே கூட்டிவிடும். வேட்டியின் மடிப்பு, ஜரிகை எல்லாம் வெளுத்துப்போகும். கறுத்த தண்ணீருக்கு முன்னால் நிற்கிற கொக்கும் அதேதான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, இறக்கச் சொன்னேன். அடுத்த படத்தில் முதுகின் மென்தூவி இழை இழையாக வந்தது. இருபது வருஷம் வேட்டி எடுத்ததற்கு ஏரியில் ஒரு பலன்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் நின்ற இடத்திலேயே சிறகடித்தது. தலை மட்டும் அசையவே இல்லை, உடம்பு முழுக்க அதைச் சுற்றி உதறுகிறது. ஷட்டரை 1/2000 நொடியில் வைத்தும் சிறகு நுனி கலங்கித்தான் வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

29 டிசம்பர், ஞாயிறு

தூறல். வெளியே போகவில்லை.

கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கப் போன இவள், "என்னங்க, இங்க ஒரு பல்லி எச்சம் நகருது" என்றாள். போய்ப் பார்த்தால் புழு. கறுப்பும் வெள்ளையுமாக, எச்சம் மாதிரியே ஈரப் பளபளப்போடு. பக்கத்துக் கிளையில் அதன் அண்ணன், விரல் நீளத்துக்குப் பச்சையாக. கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன். எலுமிச்சை அழகியும் இதே செடியில் முட்டை வைக்கும், புழுவில் இரண்டும் பங்காளிகள் மாதிரி.

பூச்சி புழுவைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் என்னிடம் கிடையாது. அப்பாவின் ஃபிலிம் காலத்து 50 மில்லிமீட்டர் இருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு ரிங் போட்டுக் கேமராவில் மாட்டினால் மேக்ரோ. ஃபோகஸ் திருகுவதால் ஒன்றும் ஆகாது. நாம்தான் மூச்சைப் பிடித்து முன்னும் பின்னும் அசைய வேண்டும். துல்லியமாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண் போலத் தெரிகிற புள்ளி விழுந்தால் வாய் விழாது. ஃபிளாஷுக்கு முன்னால் டிஷ்யூ பேப்பர் ஒட்டி, குடையை இவள் பிடித்தாள்.

பச்சைப் புழுவை லென்ஸ் விளிம்பு லேசாக இடித்துவிட்டது. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று பிதுங்கி வந்தது, ஈரமாக, பாம்பு நாக்கு போல. கூடவே ஒரு நெடி. அழுகின நாரத்தை வாசம் என்றாள் இவள். எறும்பையும் சிலந்தியையும் விரட்டுகிற ஆயுதம் அது. இரண்டு நொடிதான், உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்று படம். ஒன்றில் கொம்பு நுனியில் ஒரு துளி நிற்கிறது.

அந்தக் கிளையைத் தவிர்த்துவிட்டு ரசத்துக்கு இலை பறிக்கப்பட்டது.

1 ஜனவரி 2025, புதன்

புத்தாண்டுக் கூட்டம். பாண்டிப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் பக்கத்துச் சிவன் கோயிலில் நாகலிங்க மரம். புதுச்சேரியின் மாநிலப் பூவே இதுதான், குயில் மாநிலப் பறவை. பூ கிளையில் வராது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கி, அதில் பூக்கும். படமெடுத்த நாகம், கீழே லிங்கம் என்று ஊரே பார்க்கிற பூவை, பாப்பா வேறு மாதிரி பார்க்கச் சொன்னாள்.

இந்தப் பூவில் தேன் கிடையாதாம். லிங்கத்தைச் சுற்றி ஒரு வட்டமாக நிற்பது முளைக்கிற மகரந்தம். மேலே நாகப்படத்தில் இருப்பது வெறும் தீனி, அதில் விதை பிடிக்காது. காத்திருந்தோம். ஏழேகாலுக்கு ஒரு கருவண்டு வந்தது, மரத்தில் துளை போடுமே அந்த வண்டு. படத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே புகுந்து மல்லாந்த மாதிரி தொங்கிக்கொண்டு, கால்களால் மேல்மகரந்தத்தை வழித்தது. வழிக்கும்போதே கீழ்வட்டம் அதன் முதுகில் உரசுகிறது. வெளியே வந்தபோது கறுப்பு முதுகில் திருநீறு பூசின மாதிரி மஞ்சள் தூள். அந்தத் தூளோடு அடுத்த பூவுக்குப் போயிற்று. மேலே சாப்பாடு, முதுகில் மொய்க்கவர். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பந்தி நிறைய உண்டு.

9 ஜனவரி, வியாழன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மறுபடி கேப்பர் மலை. ஏழு மணி, வெயில் முதுகில், எல்லாம் சரியாக இருந்தது. கவுதாரி மட்டும் வெளியே வரவில்லை. செல்போனில் கவுதாரிக் குரலைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். ஒரு கல் மேல் வைத்துப் போட்டேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முள்ளுக்குள்ளிருந்து ஒரு சேவல் ஓடி வந்து வெட்டவெளியில் நின்றது, என்னிடமிருந்து ஐந்து மீட்டர். தொண்டையில் வெளிர்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புச் சரடு, காலில் முள். செல்போனைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை நீட்டிக் கத்தியது. போன் பதில் சொல்லச் சொல்ல இதுவும் விடவில்லை. கத்தும்போது திறந்த வாய்க்குள் நாக்கு தெரிகிற அளவுக்குப் படம் கிடைத்தது.

பாப்பாவுக்கு அனுப்பினேன். "சூப்பர் மாமா, எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம், "அது சண்டைக்கு வந்திருக்கு மாமா. தன் இடத்துல எவனோ புகுந்துட்டான்னு."

மண்டபத்தில் நாங்கள் செய்கிற ஒன்று உண்டு. தாலி கட்டும்போது யாராவது குறுக்கே வந்துவிட்டால், "மாப்பிள்ளை, அப்படியே கையை இன்னொரு தரம் கழுத்துகிட்ட கொண்டு போங்க" என்போம். அவரும் கொண்டு போவார். மேளம் நின்றிருக்கும். ஆல்பத்தில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அந்தக் கவுதாரிப் படங்கள் பதினேழையும் ‘ரீடேக்’ என்று தனி ஃபோல்டரில் போட்டேன். குரலை போனிலிருந்து அழித்துவிட்டேன்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். அக்கா குடும்பம் இங்கேதான். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணிப் பதிகிறார்கள், குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்தால் போதும். 2015-லிருந்து நடக்கிறது. பாப்பா என்னைக் கேப்பர் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கால் மணி நேரத்தில்: மைனா 8, பச்சைப் பஞ்சுருட்டான் 4, கரிச்சான் 2, செம்போத்து 1, தையல்சிட்டு 1. கவுதாரிகள் எதிரும் புதிருமாகக் கத்தின. ஒன்றும் கண்ணில் படவில்லை. "எழுது மாமா, குரல் கேட்டாலும் கணக்குத்தான்." கவுதாரி 2 என்று எழுதினேன்.

முடித்துக் கிளம்பும்போது முந்திரிக் கிளையில் பழுப்பாக, குருவியைவிடப் பெரிதாக ஏதோ வந்து உட்கார்ந்தது. நேர் கிழக்கில், வெயிலுக்கு எதிரே. சுற்றிப் போக நேரமில்லை. மூன்று தடவை அமுக்கினேன். போய்விட்டது.

திரையில் பால். பாலுக்குள் ஒரு பறவை நிழல், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெளிர்ப் புருவம்.

"புருவத்தைப் பெருசு பண்ணு" என்றாள். பண்ணினேன். "மாமா, இது காட்டுக்கீச்சான்! உன்னோட இன்னொரு பாண்டிச்சேரிக்காரன்."

பட்டியலில் சேர்த்தோம். காட்டுக்கீச்சான் 1.

17 ஜனவரி, வெள்ளி

நெய்வேலியிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்து தை முகூர்த்தத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். லென்ஸைத் துணியில் சுற்றிச் சர்வீஸுக்கு அனுப்பியாயிற்று. பார்சலில் எழுதும் இடத்தில் பழுது என்ன என்று கேட்டிருந்தது. உள்ளே பூஞ்சை என்று எழுதினேன். கடை வாசல் கண்ணாடியில் ஒரு கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு, அந்தப் பால் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு பேர் என்ன இது, ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டுவிட்டார்கள். புருவத்தைக் காட்டினேன்.