வலி நின்ற பிறகு பல் டாக்டரிடம் போனோம்

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனால் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துக் கழுவி அடைக்கும் சிகிச்சை) செய்து, மேலே உறை மாதிரி கேப்பும் மாட்டியாகிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் மென்று நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அந்தப் பல் எங்களுக்கு என்னென்ன விதமாகத் தகவல் சொன்னது என்பதை எழுதிவைக்கத் தோன்றியது. நம் வீடுகளில் பல் விஷயத்தில் வலி ஒன்றுதான் கணக்கு. வலித்தால் டாக்டர், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. அம்மாவின் பல்லுக்கு மிக மோசமான கட்டம் எதுவென்றால், துளிகூட வலி இல்லாமல் இருந்த கட்டம்தான்.

அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரையும் உண்டு. இதில் சர்க்கரையும் அந்தச் சின்ன மாத்திரையும் பின்னால் வரும்.

முதலில் வந்தது கூச்சம். ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டால் சுரீரென்று ஒரு நொடி கூசும், உடனே போய்விடும். அம்மா ஃப்ரிட்ஜ் தண்ணீரை விட்டுவிட்டு மண்பானைக்கு மாறிக்கொண்டார். டாக்டர் பின்னால் சொன்னார்: சில்லென்று பட்டதும் கூசி, எடுத்ததும் நின்றுவிட்டால் பல்லின் உள்நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சொத்தையை எடுத்துச் சின்னதாக அடைப்பதோடு முடிந்துவிடும். செலவும் குறைவு, நேரமும் குறைவு.

அடுத்தது சூடு. காபி பட்டால் வலி வந்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் நிற்காமல் விண்விண்ணென்று தெறிக்கும். பட்ட பொருளை எடுத்த பிறகும் வலி நீடித்தால் நரம்பு வீங்கிவிட்டது, அது தானாகத் திரும்பாது என்பதற்கு அதுதான் அடையாளமாம். சிலருக்கு இந்தக் கட்டத்தில் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால்தான் வலி அடங்கும். அம்மாவும் இரவில் எழுந்து தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் அதிகமாகும், எழுந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது. பல்லுக்குள் இருக்கும் வீங்கிய சதைக்கு விரியவும் இடமில்லை, சுற்றிலும் கெட்டியான சுவர். அதனால்தான் பல்வலி ராத்திரியில் ஆளைக் கொல்கிறது.

இதில் குழப்பம் என்னவென்றால், அம்மா அதைப் பல்வலி என்றே நினைக்கவில்லை. காது வலி என்றார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதில் போய்த் தெரிவது சகஜம். பல்லுக்கும் காதுப் பக்கத்துக்கும் உணர்ச்சி கொண்டு போவது ஒரே நரம்பின் கிளைகள். காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது கண்ணாடி மாதிரி இருக்கும்மா. பல்லைக் காட்டுங்க. நடுவுல வலி நின்னுட்டாலும் போய்க் காட்டுங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏனென்றால் வலி நின்றுவிட்டது. பல் டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தோம், அதற்குள் ஒரு காலையில் அம்மா எழுந்து வந்து, "சுத்தமா வலி இல்லடி. கிராம்பு கேட்டுருச்சு" என்றார். காபியும் கூசவில்லை, ஐஸ் தண்ணீரும் கூசவில்லை. எதற்கு வீண் செலவு, ரத்து செய்துவிடு என்று பிடிவாதம். காது டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தித்தான் அழைத்துப்போக முடிந்தது.

கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் உண்மையிலேயே கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், பல் மருத்துவத்திலும் அது பயன்படுகிறது. ஆனால் சொத்தையை அது தொடாது. தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்தும் போகும். வலி மாத்திரையைப் பல்லடியில் அடக்கிக்கொள்கிறவர்களுக்கும் இதே கதிதான். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக வெந்து உரியும்.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக். டாக்டர் இளம் பெண். அம்மா அவரை டாக்டரம்மா என்றார், அவர் அம்மாவை அம்மா என்றார். ஊசியைக் கையில் எடுக்கும் முன் நிறையக் கேட்டார். என்னென்ன மாத்திரை, சர்க்கரை எவ்வளவு, முன்பு பல் எடுத்தபோது ரத்தம் நிற்கச் சிரமப்பட்டதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி, நான் எதிர்பார்த்தபடி பல்லைப் பார்க்காமல், முதலில் நாக்கு, நாக்கின் அடி, கன்னத்தின் உள்பக்கம், அண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகுதான் பல்.

"அம்மா, நீங்க இடதுபக்கம் மென்னு ரொம்ப நாளாச்சு இல்ல?" என்றார். அம்மா திகைத்துப் போனார். எப்படித் தெரிந்தது என்று கண்ணாடியைக் கொடுத்து எனக்கும் காட்டினார். வலதுபக்கப் பற்கள் ஓரளவு சுத்தம். இடதுபக்கம் ஈறோரம் முழுக்க மஞ்சள் காரை தடிப்பாகப் படிந்திருந்தது. மெல்லாத பக்கத்தில் உணவு உரசாது, வலிக்குப் பயந்து பிரஷும் அழுந்தாது, அழுக்கு அங்கேயே தங்கிக் காரையாகிவிடும். வீட்டில் பெரியவர்கள் ஒரு பக்கமாகவே மெல்கிறார்களா, அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார்களா, கொய்யாப்பழத்தை வேண்டாம் என்கிறார்களா என்று கவனியுங்கள். வாய்விட்டு வலிக்கிறது என்று சொல்லாதவர்களின் பல் தட்டில்தான் தெரியும்.

பிறகு சோதனை. குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்தார். பக்கத்துப் பல்லில் வைத்ததும் அம்மா கையைத் தூக்கினார். அந்தக் கடைவாய்ப் பல்லில் வைத்தபோது ஒன்றுமே இல்லை. கண்ணாடியின் காம்பால் மெல்லத் தட்டியபோது மட்டும் முகம் சுளித்தார். ஈறில் அந்தப் பல்லுக்கு நேர் கீழே கடுகளவு ஒரு கொப்புளம். அழுத்தியதும் சீழ் வந்தது. கொஞ்ச நாளாக வாயில் உப்புக் கரிக்கிறது, எவ்வளவு கொப்பளித்தாலும் நாற்றம் போகவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. இரண்டு பற்களுக்கு நடுவே, கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில், சொத்தை நேரே உள்ளே போய் நரம்பைத் தொட்டிருந்தது. வேரின் நுனியில் பட்டாணி அளவுக்குக் கருப்பாக ஒரு வட்டம். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது என்றார். வலி நின்றதற்குக் காரணம் நரம்பு செத்ததுதான். வலிக்க ஆள் இல்லை, ஆனால் கிருமி வேலையை நிறுத்தவில்லை, வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிவிட்டது. கொப்புளம் வழியாகச் சீழ் வடிந்துகொண்டிருந்ததால் உள்ளே அழுத்தமும் ஏறவில்லை.

"பிடுங்கிடுங்க டாக்டரம்மா, தொல்லை விட்டது" என்றார் அம்மா. அடுத்த மூச்சிலேயே, "ஆனா பிடுங்கினா கண்ணு நரம்பு போயிருமே" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. பல்லுக்குப் போவது வலியையும் தொடுதலையும் மட்டும் கொண்டு போகும் நரம்பு, பார்வைக்கு இருப்பது தனி நரம்பு, கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பொறுமையாகச் சொன்னார். வயதானவர்களுக்குப் பல்லும் போகும், பார்வையும் குறையும். ஒன்றால் மற்றது நடந்ததாக ஊரில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பல்லை எடுப்பதில் உள்ள கஷ்டத்தையும் சொன்னார். எடுத்து அப்படியே விட்டுவிட்டால் பக்கத்துப் பல் அந்தச் சந்தில் சாயும், மேல்பல் எதிரில் தாங்கல் இல்லாமல் கீழே இறங்கும். வேர் கெட்டியாக இருக்கும்போது காப்பாற்றுவதே நல்லது என்றார்.

அன்றைக்கே தொடங்கவில்லை. சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். 8.4 சதவீதம் வந்தது, அதிகம்தான். சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு புண் ஆறாது, ஈறில் புண் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் முரண்டு பிடிக்கும், ஒன்றை ஒன்று வளர்க்கும் என்றார். எங்கள் குடும்ப டாக்டரிடம் போனில் பேசி, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல் வேலை என்றதும் அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பல்லில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்தலாம், இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அது வேறு விஷயம். வெறும் வயிற்றிலும் வரக்கூடாதாம். டிபன் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலை நேரத்தில் வரச் சொன்னார்.

மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். காய்ச்சலும் வீக்கமும் இல்லை, தேவையில்லை என்றார். செத்துப்போன நரம்புக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? கிருமி இருக்கும் இடத்தைத் திறந்து கழுவினால்தான் ஆகும்.

சிகிச்சையில் அம்மா பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஊசி போட்டதும் பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டினார்கள், மருந்து தொண்டைக்குள் போகாது. மேலே சின்னதாகத் திறந்து, முடி மாதிரி மெல்லிய அரங்களால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்தார். ஒரு சின்னக் கருவி பீப் பீப் என்று கத்தி, வேரின் நுனி வந்துவிட்டது என்று சொல்லும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று குழாய். கழுவும் திரவம் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. திறந்த கணத்தில் வந்த நாற்றம்தான் எனக்கு மறக்கவில்லை. உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். அடுத்த முறை போனபோது கொப்புளம் காய்ந்து, இருந்த இடமே தெரியவில்லை. குழாய்களைக் கட்டா பெர்ச்சா என்ற, மரப்பாலிலிருந்து வரும் ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி, மேலே அடைத்து, அளவெடுத்துப் பிறகு கேப் மாட்டினார். ரூட் கேனாலுக்கு 4,500 ரூபாய், கேப்புக்கு 6,000. கேப் வேண்டாமே, செலவு மிச்சம் என்று பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் கடிக்கும் அழுத்தத்தில் பிளந்துகொள்ளும், அப்போது பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பணம் சிரமம் என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, சென்னையில் பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பல்லைப் பாதியில் விடாதீர்கள்.

இடையில் காரையும் எடுத்தார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை பயமுறுத்தியிருந்தார். நடந்தது வேறு. காரை பற்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடியில் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் சந்து தெரிந்தது, அவ்வளவுதான். பல் தேய்க்கும்போது நுரையில் சிவப்பு தெரிவதை அம்மா வருடக்கணக்காகச் சாதாரணமாக நினைத்திருந்தார். ஆரோக்கியமான ஈறு பிரஷ் பட்டு ரத்தம் விடாது. அந்தச் சிவப்பு தெரிந்தாலே போய்விடலாம், வலிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பு அறையில் ஒருநாள் பார்த்ததையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும் ஒருவர், தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வேறு. டாக்டர் நாற்காலியில்கூட உட்காரவைக்கவில்லை. ஆட்டோ வரவழைத்து, கூட ஆள் அனுப்பி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். பல்லின் சீழ் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், சில மணி நேரம்கூடப் பெரிது. வீக்கத்தோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் கிளினிக் திறக்கும் வரை பார்க்கக்கூடாது, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். வீக்கத்துக்குச் சூடு ஒத்தடமும் கூடாது என்றார். இடதுபக்கத் தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அதுவும் அவசரப் பிரிவுதான், அது பல்லே இல்லாமல் இதயமாக இருக்கலாம்.

எங்களோடு ஒருநாள் துணைக்கு வந்த பெரியம்மாவுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் உண்டு. டாக்டர் அவரையும் விடவில்லை. உங்கள் விரல்களையே சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள் என்றார். மூன்று விரல் நுழைய வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டுதான் நுழைந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, நார் நாராகக் கெட்டியாகியிருந்தது. காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்தான். பாக்கு மட்டுமே போட்டாலும் இது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல் இவற்றில் எது இருந்தாலும், வலி இருக்கிறதா என்றே கேட்காமல் காட்டிவிட வேண்டும்.

பெரியம்மாவின் கன்னத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. இறுகிய சதை முழுதாகப் பழையபடி ஆகாது, பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, வாயைத் திறக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார். புகையிலையை விட்டுவிட்டார், பாக்கோடு இன்னும் போராட்டம். அம்மாவின் வேர் நுனியில் எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆறாவது மாதம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கிவிட்டேன்.