பழைய டிராக்டரும் மணி மீட்டரும்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. நின்ற இடத்திலேயே நாள் முழுக்கக் கதிரடித்தாலும் இன்ஜின் தேயும். அதனால்தான் இன்ஜின் எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர். பழைய முள் மீட்டர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. அவை இன்ஜின் சுற்றை வைத்து எண்ணுபவை. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற வேகத்தில், ஓடினால்தான் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடினால் மெதுவாகத்தான் ஏறும்.

மீட்டர் 1,500 காட்டும், கிளட்ச் பெடலோ வழுவழுவென்று தேய்ந்திருக்கும். நான் பெடலைத்தான் நம்புவேன். சேற்றில், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டிய 1,000 மணியும் காலி டிரெய்லர் இழுத்த 1,000 மணியும் ஒன்றா என்ன?

அப்புறம், 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில்லைக் கேட்பேன். “வீட்ல இருக்குங்க” என்பார்கள். சரி, எடுத்துட்டு வாங்கண்ணே, டீ குடிச்சுட்டு இருக்கோம்.