வெங்காய ஃப்ரிட்டாட்டா: மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது

ஃப்ரிட்டாட்டாவை இத்தாலிய ஆம்லெட் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நினைப்பில் தீயைக் கூட்டினால் காரியம் கெட்டது. ஆம்லெட் இரண்டு நிமிட வேலை. இது விரல் கனத்தில், சிறு தீயில், மடிக்காமல் வேக வேண்டியது. சூட்டைவிட ஆறின பிறகுதான் ருசி.

எடுத்துக்கொண்டது தெற்கு இத்தாலியின் காலப்ரியா பக்கத்து வெங்காய ஃப்ரிட்டாட்டா. அங்கே ட்ரொப்பேயா சிவப்பு வெங்காயம் போடுவார்கள். காரம் குறைவு, இனிப்பு அதிகம். அது கிடைக்காவிட்டால் நம் பெரிய வெங்காயம் போதும், வதக்கும் நேரம்தான் கூடும்.

அளவு: 24 செ.மீ. நான்ஸ்டிக் சட்டிக்கு முட்டை 6, வெங்காயம் அரை கிலோ, துருவிய பெக்கரினோ ரொமானோ 40 கிராம், ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, மிளகுத்தூள். பெக்கரினோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், நல்ல உப்பு. அதனால் முட்டைக்கு ஒரு சிட்டிகை உப்பு போதும்.

முதல் தடவை: வெங்காயம் பத்தே நிமிடம் வதங்கியது. வெட்டியதும் தட்டில் தண்ணீர் நின்றது. வெங்காயத்தில் பெரும்பங்கு நீர்தான். அதைச் சட்டியிலேயே போக்காவிட்டால் முட்டைக்குள் கசியும். போதாததற்குக் கொஞ்சம் பாலும் சேர்த்திருந்தது. அது வேண்டாத வேலை.

இரண்டாம் தடவை: மெல்லிசாக அரிந்து, உப்புத் தூவி, மூடி போட்டு 20 நிமிடம், திறந்து இன்னொரு 20 நிமிடம். அரை கிலோ ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருண்டு தேன் நிறத்துக்கு வந்தது. ஆனால் சூட்டோடு முட்டையில் கொட்டியதால் அங்கங்கே முட்டை திரிந்து பொரியல் ஆனது. சட்டியும் சரியாகக் காயவில்லை, அடி பிடித்தது.

மூன்றாம் தடவை: வெங்காயம் நன்றாக ஆறியது. முட்டையை முள்கரண்டியால் நுரை வராமல் கலக்க வேண்டும். நுரை வந்தால் பொங்கி, பிறகு அமுங்கிவிடும். ஒரு சொட்டு முட்டை விட்டால் சட்டென்று உறைகிற சூடு வந்ததும் மொத்தத்தையும் ஊற்றி, உடனே தீயைக் குறைக்க வேண்டும். ஓரத்தை உள்பக்கம் தள்ளித் தள்ளி, மேலே நிற்கும் முட்டையை அடிக்கு இறக்கி, மூடி போட்டு 7 நிமிடம். சட்டியை அசைத்தால் நடு மட்டும் லேசாகத் தளும்ப வேண்டும், ஓரம் தானாக விட்டுவர வேண்டும்.

திருப்புவதற்குத் தோசைத்திருப்பி உதவாது, உடைந்துவிடும். சட்டியைவிட அகலமான, தட்டையான தட்டைக் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். அதற்கு முன் மிஞ்சிய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் சூடான எண்ணெய் மணிக்கட்டில் வழியும். பிறகு அப்படியே சட்டிக்குள் சறுக்கிவிட்டு 3 நிமிடம். அதற்கு மேல் வைத்தால் முட்டை இறுகி, அதுவே தண்ணீர் விடும்.

பத்து நிமிடம் ஆறவைத்து வெட்டியபோது தட்டு காய்ந்தே இருந்தது.

அடுத்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறை: மிஞ்சிய ஸ்பாகெட்டியை முட்டை, சீஸோடு பிசறிச் சுடுவது. ஈஸ்டருக்கு மறுநாள் வெளியே போகும்போது கட்டிக்கொண்டு போவார்கள். வெந்த ஸ்பாகெட்டி 400 கிராமுக்கு முட்டை 4 என்று கணக்கு. அதில் மேல் மொறுமொறுப்புதான் முக்கியம் என்பதால், ஓரமும் சிவக்கும்படி சட்டியைத் தீயின் மேல் கால் கால் வட்டமாகத் திருப்பிக்கொண்டே, பக்கத்துக்குப் பத்து நிமிடம் விட வேண்டும்.