முன்னறைச் சுவர்

2025 ஜனவரி 4, சனி

சுவரில் ஒட்டியிருந்த உட்சிப் தாள் முழுக்கக் கழன்றுவிட்டது. ஸ்டீமர் சூட்டில் அறையெல்லாம் பழைய பசை மணம். தாளுக்குப் பின்னால் மூன்று விதமான சுவர் கிடக்கிறது. புகைக்கூட்டுப் பக்கம் 1930களில் பூசிய சுண்ணாம்புச் சாந்து. வயர் இறக்கிய தடத்தில் பிறகு யாரோ அடைத்த ஜிப்சம் ஒட்டு. யன்னலுக்குக் கீழே பளபளவென்று பெயின்ற்.

20ஆம் திகதி அப்பாவுக்குக் கட்டில் வருகிறது. அதற்குள் இது ஒரு மனிசன் படுத்து மூச்சுவிடக்கூடிய அறையாக வேணும்.

மேலே சீலிங்கில் ஆர்டெக்ஸ் என்ற புடைப்புப் பூச்சு. 1980களின் நடுப்பகுதி வரை அதில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்தார்கள். யாரும் சுரண்டக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அது இருந்தபடியே இருக்கட்டும்.

ஜனவரி 5

ஆசுபத்திரியில் அப்பா அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

ஜனவரி 6, திங்கள்

புகைக்கூட்டுச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. டிஸ்டெம்பர். சுண்ணத் தூளையும் மிருகப் பசையையும் கலந்து அந்தக் காலத்தில் அடித்தது. பூசுவதற்கு முன் சுவரில் அடிக்கிற வெள்ளைப் பசை பிவிஏ. இதற்கு மேல் அதை அடித்தால் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பிறகு பூச்சு அந்தத் தூளையும் இழுத்துக்கொண்டு தகடு தகடாக விழும்.

வெந்நீரும் ஸ்பொஞ்சும்தான். வாளியை ஊற்றிவிட்டு வந்து ஒரு தரம் துடைத்தால் மறுபடி வெள்ளை. இரவு பத்து மணிக்குத்தான் வாளியின் அடி தெரிந்தது. அம்மா வாசலில் நின்று "காணும், வா பிள்ளை" என்றா. எனக்குக் காணவில்லை.

யன்னலுக்கு இடதுபக்க மூலை, தரையோடு, கழுவாமலே ஈரமாக இருக்கிறது.

ஜனவரி 8, புதன்

மேசன் அண்ணை வந்தார். ஊரில் சீமெந்துப் பூச்சு வேலை செய்தவர், இங்கே வந்து எத்தனையோ வருடமாக ஜிப்சம். ஒன்றும் பேசாமல் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். புகைக்கூட்டின் இடதுபக்கத்தில் மட்டும் 'பொத்' என்றது. அங்கே பென்சிலால் வட்டம் போட்டார்.

"இது விட்டிட்டுது தங்கச்சி. வெட்டி எடுத்துப்போட்டு நிரப்பவேணும். இதுக்கு மேல பசை அடிச்சு என்ன பிரயோசனம்?"

பிறகு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டார். கையை நனைத்துச் சுவரில் உதறினார். பழைய சாந்து துளியை விழுந்த இடத்திலேயே உறிஞ்சியது. ஜிப்சம் ஒட்டில் கொஞ்ச நேரம் நின்று மங்கியது. பெயின்றில் வழிந்து தரைக்கு ஓடியது. ஒரே சுவருக்குள் மூன்று தாகம்! இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிவிஏ எதற்கு என்று எனக்கு முழுசாக விளங்கியது.

ஜிப்சத்தைச் சுட்டு, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கித்தான் பூச்சுத் தூளைச் செய்கிறார்கள். தண்ணீரில் குழைத்ததும் இழந்த நீரைத் திரும்ப எடுத்து இறுகுகிறது. சுவர் முந்திக்கொண்டு அந்த நீரைக் குடித்துவிட்டால் பூச்சுக்கு மிச்சமில்லை. கரண்டி ஓடாது, மேலே வெடிப்பு விழும், நாளடைவில் சுவரை விட்டுக் கழலும். ஆகவே ஒட்டுவதை விட, சுவரின் உறிஞ்சலை அடக்குவதுதான் இங்கே பிவிஏயின் முதல் வேலை.

என் கணவர் ஒரு வீடியோவைக் காட்டினார். பிவிஏ தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும், அதனால் பூச்சுக்கு ஆகாது என்று அதில் ஒருவர் சொல்கிறார். அண்ணை முழுக்கப் பார்த்தார். "அவர் சொல்றது சரி. காய விட்டு ரெண்டு நாளைக்குப் பிறகு பூசினா வழுக்கும். தண்ணி கலக்காமல் தடிப்பா அடிச்சாலும் தோல் மாதிரி உரிஞ்சு வரும். நேரம் பாத்துப் பூசவேணும்." பெயின்ற் பகுதிக்குப் பிவிஏயே வேண்டாம் என்றார். பெயின்றைக் கீறிவிட்டு பொண்ட்-இட் அடிக்கவேணுமாம். அதில் மணல் கலந்திருக்கும், காய்ந்த பிறகு கை வைத்தால் சொரசொரக்கும், பூச்சு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மூலையைக் காட்டினேன். குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதில நான் பூசமாட்டன்" என்றார்.

ஜனவரி 9, வியாழன்

புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. ரேடியேற்றரைச் சுவரிலிருந்து கழற்றியதால் அறைக்குள் 4 பாகைதான். இந்தக் குளிரில் அடிக்க விடமாட்டேன் என்று நின்றேன். பிவிஏ என்பது நீரில் மிதக்கும் நுண்துகள்கள். நீர் போகப்போக அவை ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாக வேணும். குளிர் கூடினால் சேராது, வெள்ளைத் தூளாகக் காயும்.

எண்ணெய் ஹீற்றரைப் போட்டு மதியம் 12 பாகைக்கு வந்த பிறகு முதல் கை. ஒரு பங்கு பிவிஏ, ஐந்து பங்கு தண்ணீர். அடிக்கும்போது பால் வெள்ளை, அரை மணித்தியாலத்தில் கண்ணாடி. யன்னலோரம் மட்டும் வெண்மை போகத் தாமதம். அது தெளியும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டேன். அப்பாவின் வலது கையும் இன்றைக்குக் குளிர்ந்திருந்தது. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 11, சனி

பூசியாச்சு.

காலையில் இரண்டாவது கை, இம்முறை ஒன்றுக்கு மூன்று. அண்ணை சுவர் முழுக்க அடிக்கவில்லை, தான் பூசப்போகிற பகுதிக்கு மட்டும். மற்றப் பக்கம் போவதற்குள் அது காய்ந்துவிடுமாம். என் ஆட்காட்டி விரலைப் பிடித்துச் சுவரில் வைத்தார். "இப்ப கையோட வருது. பொறு." சில நிமிடம் கழித்து மறுபடி. இம்முறை விரலைப் பிடித்து இழுத்தது, ஆனால் விரலில் ஒன்றும் வரவில்லை. "இதுதான் நேரம்" என்றார்.

மல்ரிபினிஷ் என்ற ஜிப்சம் பூச்சுத் தூள், 25 கிலோ பை, 2 மில்லிமீற்றர் தடிப்பில் கிட்டத்தட்ட 10 சதுர மீற்றருக்குக் காணும். குழைத்ததிலிருந்து இறுகும் வரை ஒன்றரை மணித்தியாலம் அளவில். அந்தக் கரண்டியின் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே படியில் இருந்தேன். முதலில் சளசள என்று ஈரச் சத்தம், பிறகு இழுவை, கடைசியில் இரும்பில் இரும்பு தேய்வது போலக் கூர்மையான 'சீ...ங்'. சாந்தும் ஒட்டும் சேர்ந்த கோடு எங்கே என்று தேடினேன். தெரியவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சுவருக்காகவா என்று யாரும் கேட்கவில்லை, நல்லது.

மூலையில் முழ அகலத்துக்கு வெறும் செங்கல்.

ஜனவரி 12

சுவர் கடும் இளஞ்சிவப்பு. அப்பா "வீடு" என்றார். தெளிவாக.

ஜனவரி 14, தைப்பொங்கல்

குசினியிலேயே பொங்கினோம். மேலே வாசல் பக்கம் காய்ந்து வெளிறத் தொடங்கிவிட்டது, கீழே இன்னும் இல்லை. காலை, மதியம், இரவு என்று போய்ப் பார்க்கிறேன்.

ஜனவரி 15, இரவு

நித்திரை இல்லை. 1912இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பொருளாம் இந்தப் பிவிஏ. நூறு வருடம் கடந்தும் ஈரச் சுவருக்கு அதனிடம் பதில் இல்லை. அடித்தால் காயாது, காய்ந்தாலும் பின்னாலிருந்து ஈரம் வர மறுபடி குழையும். அந்த மூலையை எதனாலும் மூட முடியாது, ஈரம் வரும் வழியைத்தான் மூட வேணும். பூஞ்சணம் பிடித்தால் அப்பாவின் நெஞ்சு? அவருக்கு இருமவே பலமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

முழுக்க வெளிறிவிட்டது. பெயின்றுக்கு முதல் பிவிஏ ஒரு கை அடி, பெயின்ற் மிச்சம் பிடிக்கலாம் என்று மச்சான் வந்து நிற்கிறார். விடவில்லை. பூச்சின் வாயை அடைத்துவிட்டால் பெயின்ற் எதில் ஊறும்? பிறகு தோலாக உரியும். மற் எமல்சனில் தண்ணீர் கலந்து நானே முதல் கை அடித்தேன். சுவர் உடனே குடித்தது.

ஜனவரி 18, சனி

வெளிப்பக்கம் பூப்பாத்தி மண்ணை வெட்டினோம். செங்கல் வரிசைக்கு நடுவே கறுப்பாக ஈரத்தடுப்புப் படை தெரிந்தது. மண் அதற்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்கவேணும். இங்கே அதற்கு மேலே ஒரு சாண் ஏறிக் கிடந்திருக்கிறது. எத்தனை வருட மழை! இவர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆசுபத்திரியிலிருந்து போன். கட்டில் திங்கள் இல்லையாம், இன்றைக்குப் பின்னேரமே. தரை கூட்டவேணும், ரேடியேற்றரை மாட்ட ஆளைக் கூப்பிடவேணும். தலைப்பக்கம் புகைக்கூட்டுச் சுவரோடு வரட்டும், அந்த மூலையிலிருந்து தள்ளி.