மூடி ஒரே அளவு

என் அப்பா 1960களின் கடைசியில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு கப்பலைக் காலி செய்ய நாள்கணக்கில் ஆகும் என்பார். வலையில் ஏற்றி, இறக்கி, கிடங்கில் அடுக்கி, அப்புறம் லாரி வந்ததும் அதே மூட்டையை மறுபடி தூக்கி... 1972 ஜூன் 23ஆம் தேதி நிஹோன் என்ற கொள்கலன் கப்பல் 300 பெரிய இரும்புப் பெட்டிகளோடு முதன்முதலாக அங்கே வந்தபோது அவரும் வேடிக்கை பார்க்க நின்றாராம்.

இந்தக் கொள்கலன் முறையைத் தொடங்கி வைத்த மால்கம் மெக்லீன் ஒரு அமெரிக்க லாரி முதலாளி. கப்பலைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சரக்கை ஏன் பிரித்துப் பிரித்து ஏற்ற வேண்டும், பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன என்று கேட்டார், அவ்வளவுதான். 1956இல் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகள் கப்பலில் போயின. டன்னுக்கு 5.86 டாலர் ஆன ஏற்றுக்கூலி 16 காசுக்கு இறங்கியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பெட்டியின் மூலை. பெட்டியில் சரக்கு அனுப்புவது அதற்கு முன்பும் இருந்ததுதான். கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் எல்லா மூலைகளிலும் ஓட்டையுள்ள இரும்புக் கட்டியை வைத்து, ஒரு திருகில் பூட்டிக்கொள்ளும் ட்விஸ்ட் லாக்கைச் செய்தார். மெக்லீன் அந்தக் காப்புரிமையை உலகத் தர அமைப்புக்குக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். எந்த ஊர்ப் பெட்டியும் எந்த ஊர்க் கிரேனிலும் மாட்டுவது அதனால்தான். மூட்டை தூக்கிய பலருக்கு வேலை போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு தப்பித்தார்.

நான் உட்லண்ட்ஸில் சின்னதாக கேட்டரிங் நடத்துகிறேன். போன வருடம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில், பொருந்தாத மூடி கழன்று வேன் முழுக்கச் சாம்பார். பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டபோது எனக்குக் குரலே வரவில்லை. வீட்டில் அப்பா டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "எத்தனை விதமான மூடிம்மா வச்சிருக்கே?" என்று கேட்டார். எண்ணினேன். ஐந்து விதம்!

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே அளவு டப்பா, ஒரே மூடி என்று வாங்கினேன். ஒன்றின் மேல் ஒன்று அசையாமல் உட்காருகிறது, விடிகாலையில் மூடி தேடி யாரும் ஓடுவதில்லை, வேனில் ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்த வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. தொழில் தொடங்குகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்க வரும் தம்பி தங்கைகள் செயலி, ஏஐ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். முதலில் என் சமையலறைக்கு வந்து அந்த மூடியைப் பாருங்கள் என்கிறேன்.

சட்னி டப்பா மட்டும் இன்னும் இரண்டு அளவில் இருக்கிறது. தீபாவளி ஆர்டர் வருவதற்குள் மாற்றிவிட வேண்டும்.